நஞ்சுக்கொடி ஸ்லைடு: முடிச்சா, சாய்வெட்டா? உதவுங்கள்

அனைவருக்கும் வணக்கம். திசுவியல் செய்முறைத் தேர்வுக்காக நஞ்சுக்கொடியின் இரண்டு ஸ்லைடுகளை ஒரு வாரமாக நுண்ணோக்கியில் பார்த்து வருகிறேன். ஒன்று 10 வாரக் கர்ப்பத்தினுடையது, மற்றது நிறைமாதத்தினுடையது. இரண்டுமே ஹெமட்டாக்சிலின், ஈயோசின் சாயம் ஏற்றியவை.

10 வார ஸ்லைடு தெளிவாக இருக்கிறது. விரலிகள் (தாயின் இரத்தத்தில் நனையும் விரல்போன்ற நீட்சிகள்) பெரியவை. வெளியே செல் எல்லைகளே இல்லாத மேலுறையான சின்சிடியோட்ரோபோபிளாஸ்ட். அதை ஒட்டி உள்ளே வெளிறிய சைட்டோட்ரோபோபிளாஸ்ட் செல்கள் வரிசை கட்டி நிற்கின்றன. நடுவிலுள்ள நுண்குழாய்களில் உட்கருவோடு கூடிய சிசுவின் சிவப்பணுக்கள்! முதன்முறை கண்டபோது கண்ணை எடுக்க மனம் வரவில்லை.

நிறைமாத ஸ்லைடில்தான் திணறுகிறேன். விரலிகள் சிறுத்துவிட்டன, உள்வரிசை அங்கங்கே மட்டும் தெரிகிறது. நுண்குழாய்கள் ஓரத்துக்கு வந்துவிட்டதால் மேலுறை சவ்வுபோல் மெலிந்திருக்கிறது. தாயின் இரத்தத்துக்கும் சிசுவின் இரத்தத்துக்கும் இடையே அந்த இடத்தில் அவ்வளவுதான் சுவர். அது புரிகிறது. ஆனால் சற்றுத் தள்ளிக் கரிய உட்கருக்கள் கொத்தாகக் குவிந்து கிடக்கின்றன. இவை உண்மையான சின்சிடிய முடிச்சுகளா (அதாவது மேலுறையின் உட்கருக்கள் ஓரிடத்தில் திரண்டவையா), விரலியின் மேற்பரப்பைச் சாய்வாக வெட்டியதால் வந்த தோற்றமா? எதை வைத்துப் பிரிக்கிறீர்கள்? உட்கருவின் அடர்த்தியா, கொத்தின் வடிவமா?

இன்னொரு சிறு ஐயம். விரலியின் இணைப்புத்திசுவில் நுரைத்த சைட்டோபிளாசத்தோடு தெரிபவை ஹோஃப்பாவர் செல்கள் (நஞ்சுக்கொடியின் விழுங்கு செல்கள்)தானே? நிறைமாதத்தில் அவற்றைத் தேடிப் பிடிப்பதே கடினமாக இருக்கிறது.

பாகங்களின் பெயர் குறித்த படங்கள் வைத்திருப்பவர்கள் தயவுசெய்து பகிருங்கள். எந்த உருப்பெருக்கத்தில் எடுத்தது என்பதையும் சேர்த்துச் சொன்னால், என் ஸ்லைடோடு ஒப்பிட்டுப் பார்த்துக்கொள்வேன்.