ராமேஸ்வரத்தில் ரூம் மறுத்தார்கள்: தடுக்கச் சட்டம் வேண்டுமா?

கடலோரத்தான்:
போன வாரம் நானும் என் துணைவரும் (இருவரும் ஆண்கள்) ராமேஸ்வரம் போனோம். அக்னி தீர்த்தத்தில் முங்கி, கோயிலுக்குள் 22 தீர்த்தமும் ஆடிவிட்டுச் சொட்டச் சொட்ட லாட்ஜுக்குத் திரும்பினால், எங்கள் பைகள் வாசலில் கிடக்கின்றன. காலையில் நாங்கள் கைகோத்துப் படியிறங்கியதை யாரோ பார்த்திருக்கிறார்கள். "குடும்பங்க வர்ற எடம், வேற பாத்துக்கங்க" என்று மேனேஜர் ரிஜிஸ்டரில் எங்கள் பெயரை அடித்தார். துணி மாற்றக்கூட இடம் தரவில்லை. ஈர வேட்டியோடு பஸ் ஸ்டாண்டுக்குப் போனோம். இப்படி விரட்டுவதைத் தடுக்கச் சட்டம் வேண்டும்.

லாட்ஜ்காரர்:
தம்பி, ஈரத்துணியோடு அனுப்பியது தப்புதான். ஆனால் சட்டம் வேண்டாம். நானும் இங்கே 16 ரூம் வைத்திருக்கிறேன். திதி கொடுக்க வரும் குடும்பங்கள்தான் எனக்குச் சோறு போடுகின்றன. அவர்கள் முகம் சுளித்தால் அடுத்த ஆடி அமாவாசைக்கு வரமாட்டார்கள். அமெரிக்காவில் ஆண்கள் இருவரின் கல்யாணத்துக்குக் கேக் செய்ய மறுத்த கடைக்காரர் 2018இல் ஜெயித்தாரே?

தொண்டி வக்கீல்:
அண்ணே, ஜெயித்தது உண்மை. ஆனால் கொலராடோ மாநிலத்தின் சிவில் உரிமை ஆணையம் அவர் மத நம்பிக்கையைப் பகையோடு பார்த்தது என்பதற்காக ஜெயித்தார். யாரையும் திருப்பி அனுப்பலாம் என்று அந்தத் தீர்ப்பு சொல்லவில்லை. அதே அமெரிக்காவில் 2023இல், ஒருபால் திருமணங்களுக்கு இணையதளம் செய்ய மறுத்த வடிவமைப்பாளர் ஜெயித்தது பேச்சுரிமையை வைத்து. ரூம் சாவி கொடுப்பதில் என்ன பேச்சு இருக்கிறது? உங்கள் தொழிலுக்கு நெருங்கிய வழக்கு பிரிட்டனில் நடந்தது. கார்ன்வாலில் விடுதி நடத்திய கிறிஸ்தவத் தம்பதி இரண்டு ஆண்களுக்கு ஒரே கட்டில் உள்ள அறையைத் தர மறுத்தார்கள். அது சட்டவிரோதம் என்று 2013இல் அங்குள்ள உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

சரி, நம் நாட்டுக்கு வருவோம். அரசியல் சட்டம் 15(2) கடை, உணவகம், விடுதி, கிணறு, குளம், படித்துறை என்று பெயர் சொல்லியே எழுதியிருக்கிறது. மதம், இனம், சாதி, பால், பிறந்த இடம் பார்த்து யாரையும் தடுக்கக்கூடாது. பாலின ஈர்ப்பு என்ற சொல் அதில் இல்லை. ஒருபால் உறவைக் குற்றமாக்கியிருந்த 377ஆம் பிரிவு பற்றிய உச்ச நீதிமன்றத்தின் 2018 தீர்ப்பில், 'பால்' என்பதில் அதுவும் அடங்கும் என்று விளக்கம் வந்தது. ஆனால் ராத்திரி பத்து மணிக்கு லாட்ஜ் வாசலில் தீர்ப்பை நீட்டினால் சாவி கிடைக்குமா? 2019இல் வந்த திருநர் உரிமைப் பாதுகாப்புச் சட்டம் பொதுமக்களுக்கான பொருள், தங்குமிடம், சேவை எல்லாவற்றையும் சொல்கிறது, ஆனால் அது திருநர்களுக்கு மட்டும். இந்தத் தம்பிக்கு அப்படி ஒரு சட்டம் இல்லை.

மண்டபம் டீச்சர்:
"என் கடை, என் இஷ்டம்" என்பதைக் கேட்டு வளர்ந்தவள் நான். ஊர் டீக்கடையில் என் அப்பாவுக்குத் தனிக் குவளை. குடித்துவிட்டு அவரே கழுவிக் கூரைக் கீற்றில் செருகிவிட்டு வருவார். வியாபாரம் போய்விடும் என்றுதான் அந்தக் கடைக்காரரும் சொன்னார். தீண்டாமைக்குத் தண்டனை என்று 1955இலேயே சட்டம் வந்தது. அதை அமல்படுத்த ஆள் வந்த பிறகுதான் குவளை போனது. கடை இன்றும் ஓடுகிறது.

லாட்ஜ்காரர்:
டீச்சர், அது பிறப்பு. இது அப்படியா?

கடலோரத்தான்:
பதினைந்து வயதில் எனக்குத் தெரிந்துவிட்டது, அண்ணே. மாறிவிட வேண்டும் என்று நேர்ந்துகொண்டுதான் முதல் தடவை அந்தத் தீர்த்தத்தில் முங்கினேன்.

லாட்ஜ்காரர்:
என்ன சொல்வதென்று தெரியவில்லை. சட்டம் பற்றி நான் சொன்னது சொன்னதுதான். அடுத்த தடவை துணி மாற்ற என் லாட்ஜுக்கு வாருங்கள்.

கடலோரத்தான்:
தங்குவதற்கு?

லாட்ஜ்காரர்:
அமாவாசை இல்லாத நாளாகப் பார்த்து வாருங்கள், தம்பி. பேசுவோம்.