போலீஸ் வெரிஃபிகேஷன்ல கேஸ் இருக்குன்னு வந்துருக்கு, ஆள எடுக்கலாமா?

அண்ணே, அக்கா, விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க. ராமேஸ்வரம் பக்கம் மண்டபம் ஊர்ல நண்டு கம்பெனி வச்சிருக்கோம், வேன் ஓட்டவும் வசூலுக்கும் ஒரு தம்பிய பேசி முடிச்சு ஆன்லைன்ல போலீஸ் வெரிஃபிகேஷன் போட்டா 2022ல ஒரு கேஸ் பெண்டிங்னு வருது, ஐபிசி 294பி, 323, 506 (கெட்ட வார்த்த பேசுனது, அடிச்சது, மிரட்டுனது). கேட்டா கரைவலை இழுக்குற எடத்துல ரெண்டு குடும்பத்துக்கு தகராறு, வீட்டு ஆம்பளைங்க பேர் பூரா எழுதிக்குடுத்துட்டாங்கன்றான். நம்ம பக்கம் நடக்காததா இது. திருட்டு, கஞ்சா கேஸ்னா அப்பவே வேணாம்னுருப்பேன். தண்டனையே ஆகாத கேஸுக்கு வேல இல்லன்னு சொல்ல மனசு ஒப்பல, ஆனா பார்ட்னர் மச்சான் வேணவே வேணாங்குறாரு. எஃப்ஐஆர் காப்பி எடுத்து பாத்தா போதுமா, இல்ல ஈகோர்ட்ஸ்ல (கோர்ட்டு கேஸ் விவரம் பாக்குற வெப்சைட்) கேஸ் எந்த நெலமைன்னும் பாக்கணுமா? அவன்கிட்ட என்ன எழுதி வாங்குறது? குரூப்புல வக்கீல் யாராச்சும் இருந்தா கொஞ்சம் சொல்லுங்க, திங்கக்கெழம வேலைக்கு வந்து நிப்பான்.