பூனையை அழித்தாலும் கார்ஃபீல்டு நிற்கிறதே, அப்புறம் அது என்ன பூனைக் காமிக்ஸ்?

கடுவன்:
அக்கா மகளுக்கு 8 வயது. வீட்டுக்குப் பூனைக்குட்டி வந்திருக்கிறது. பூனைக் காமிக்ஸ் ஏதாவது வாங்கிக் கொடு என்றாள் அக்கா. கேட்ட இடமெல்லாம் கார்ஃபீல்டு என்கிறார்கள், அதுதான் ஜிம் டேவிஸின் அமெரிக்கப் பூனைக் காமிக்ஸ். எனக்கு ஒப்பவில்லை. வேலைக்கே போகாத பூனைக்குத் திங்கட்கிழமை மேல் என்ன எரிச்சல்? லசானியா என்ற இத்தாலியப் பலகாரம், காபி, டயட் எல்லாம் நம் கவலைகள். தொந்தி வைத்த மாமா ஒருவருக்கு ஆரஞ்சு நிறப் பூனைத் தோலைப் போர்த்திவிட்டார் டேவிஸ். 2008இல் டான் வால்ஷ் அந்தக் கட்டங்களிலிருந்து கார்ஃபீல்டை மட்டும் அழித்து இணையத்தில் போட்டாரே, பார்த்தீர்களா? பூனையை வளர்க்கும் ஜான் மட்டும் தனியாகப் புலம்பிக்கொண்டு மிஞ்சினான். பூனை இல்லாமலேயே கதை தாக்குப்பிடித்தது. மூலத்தைவிட நன்றாகவே இருந்தது.

மதில்மேல்:
அதே படத்தை வைத்தே சொல்கிறேன். பூனையை அழித்தால் ஜான் சுவரோடு பேசும் பைத்தியக்காரன். பூனையைத் திரும்ப வைத்தால் அதே பேச்சு சாதாரணமாகிவிடுகிறது. நாம் வீட்டில் என்ன செய்கிறோம்? "ஏன்டா முறைக்கிறாய், பசிக்கிறதா" என்று கேட்டுவிட்டுப் பதிலையும் நாமே சொல்லிக்கொள்கிறோம். கார்ஃபீல்டு வாய் திறந்து பேசுவதே இல்லை, எல்லாம் நினைப்புக் குமிழிதான். டேவிஸுக்குப் பூனை தெரியாது என்றும் சொல்ல முடியாது. அமெரிக்காவின் இந்தியானாவில் பண்ணை வீட்டில் சுமார் 25 பூனைகளுக்கு நடுவே வளர்ந்தவர்.

கடுவன்:
வளர்ந்தார், சரி. ஆனால் முதலில் அவர் வரைந்தது ஒரு பூச்சியை. அது போணியாகவில்லை. காமிக்ஸில் நாய்க்கு ஸ்னூப்பி இருக்கிறது, பூனைக்கு ஆளில்லை என்று கணக்குப் போட்டு 1978 ஜூனில் இதை இறக்கினார். 41 பத்திரிகைகளில் தொடங்கி ஆயிரக்கணக்கில் போனது. கணக்கு பலித்தது, மறுக்கவில்லை.

பழைய அட்டை:
ஆளில்லையா? ஹீத்கிளிஃப் என்ற பூனைக் காமிக்ஸ் 1973லேயே வந்துவிட்டது. அதற்கும் முன்னால் ஜார்ஜ் ஹெரிமன் 1913இலிருந்து 1944இல் சாகும்வரை கிரேஸி கேட் வரைந்தார். எலி செங்கல்லை எறியும், பூனை அதைக் காதல் என்று எடுத்துக்கொள்ளும். இந்தச் சண்டைக்கு இது உதவாது, தெரியும். சொல்லாமல் போக மனம் வரவில்லை.

மீசைக்காரி:
எல்லோரும் அமெரிக்காவையே சுற்றுகிறீர்கள். மகோதோ கொபயாஷியின் 'வாட்ஸ் மைக்கேல்' 1984இல் ஜப்பானில் தொடங்கியது. அதுவும் ஆரஞ்சுப் பூனைதான். ஆனால் ஓர் அத்தியாயத்தில் ஒரு வீட்டில் இருக்கும், அடுத்ததில் வேறு யார் வீட்டிலோ. குதித்துத் தவறிவிட்டால் மானத்தைக் காப்பாற்ற எழுந்து ஆடும். எங்கள் வீட்டுக் கறுப்பி ஃபிரிட்ஜ் மேலிருந்து வழுக்கி விழுந்துவிட்டு, அங்கே வரத்தான் நினைத்தேன் என்பதுபோல உட்கார்ந்து காலை நக்குவாள். அந்த நொடியை அப்படியே பிடித்தவர் அவர்தான்.

மதில்மேல்:
லசானியா தின்றால் மாமா, ஆடினால் பூனையா? நல்ல நியாயம்.

மீசைக்காரி:
எந்தப் பூனையும் ஆடாதுதான். ஆனால் விழுந்ததை மறைக்கிற அந்த வெட்கம் பூனையுடையது. திங்கட்கிழமை உங்களுடையது.

மதில்மேல்:
பூனைக் காமிக்ஸே நம்மைப் பற்றியதுதான் என்கிறேன். திகில் கதை வரையும் ஜுன்ஜி இதோவின் பூனை நாட்குறிப்பைப் பாருங்கள். மனிதர் நாய்ப் பிரியர். மனைவியாகப் போகிறவர் யோன் என்ற பூனையைக் கொண்டுவருகிறார், முதுகில் மண்டையோடு மாதிரி திட்டு. பிறகு மூ வருகிறது. இரண்டும் அந்தப் பெண்ணிடமே போய் ஒட்டிக்கொள்ள, இவர் பொறாமையில் வேகிறார். பேய் பிடித்த மாதிரி இருப்பது இவரும் கருவிழியே இல்லாமல் வரையப்பட்ட அந்தப் பெண்ணும்தான். பூனைகள் பாட்டுக்குப் பூனைகளாக இருக்கின்றன.

கடுவன்:
அருமையான புத்தகம், ஆனால் 8 வயதுக் குழந்தைக்கா? ராத்திரி அக்கா எனக்குத்தான் போன் செய்வாள். நான் நினைத்திருப்பது கொனாமி கனதாவின் 'சீஸ் ஸ்வீட் ஹோம்'. 12 பாகம், முழு வண்ணம். பூனை வளர்க்கக் கூடாது என்ற அடுக்குமாடி வீட்டில் ஒளித்து வளர்க்கிறார்கள். குட்டியின் பெயர் சீ. ஜப்பானில் குழந்தைகள் ஒன்றுக்குப் போவதைச் சொல்லும் சொல் அது. நம் காதுக்கும் பொருத்தமாகத்தான் விழுகிறது.

மதில்மேல்:
அந்தக் குட்டி மழலை பேசுகிறதே! மாமாவை விரட்டிவிட்டுக் கைக்குழந்தையைக் கூட்டி வருகிறீர்கள்.

கடுவன்:
மழலைதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அம்மாவைத் தேடி வீட்டுக்குப் போகவேண்டும் என்று கிளம்பும் குட்டி, விளையாட்டுச் சாமானைப் பார்த்ததும் எதற்குக் கிளம்பினோம் என்பதையே மறந்து நிற்கும். குழந்தையாக இருந்தால் அழுதுகொண்டே இருந்திருக்கும். அங்கே எனக்குத் தொண்டை அடைத்தது. முதல் பாகம் ஆர்டர் போட்டாயிற்று.

மீசைக்காரி:
தாயைத் தொலைப்பது தொடக்கத்திலேயே வந்துவிடும். உங்கள் அக்கா வீட்டுக் குட்டி எங்கிருந்து வந்தது என்று அந்தச் சிறுமி கேட்பாள். பதிலை யோசித்துவிட்டுக் கொடுங்கள்.