பெரோவ்ஸ்கைட் சோலார் செல்லில் பிஎச்டி செய்யலாமா?

நெல்லை மாணவன்:
எம்எஸ்சி இயற்பியல் முடிக்கப் போகிறேன். பிஎச்டிக்குப் பெரோவ்ஸ்கைட் (ஒரு தனிப் படிக அமைப்புள்ள பொருள்) வைத்துச் செய்யும் சோலார் செல் எடுக்க ரொம்ப நாள் ஆசை. ஆனால் எஃபிஷியன்சி, அதாவது விழும் ஒளியில் மின்சாரமாக மாறும் பங்கு, 26 சதவீதத்தையே தாண்டிவிட்டது, இனிமேல் போய் நான் என்ன செய்துவிட முடியும் என்று பயமாகவும் இருக்கிறது. எங்கள் துறையில் சுழற்றி மெல்லிய படலம் பூசும் ஸ்பின் கோட்டர் உண்டு, ஈரமும் காற்றும் புகாமல் உள்ளே வேலை செய்யும் பெட்டியான க்ளோவ் பாக்ஸ் ஒன்றே ஒன்று, அதற்கும் வரிசை. விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

லேப் அண்ணன்:
தம்பி, தாராளமாக எடுங்கள், எஃபிஷியன்சி எண்ணை மட்டும் துரத்த வேண்டாம். 2009இல் யோகோஹாமாவின் தோயின் பல்கலைக்கழகத்தில் மியாசாகா குழு செய்த செல் 3.8 சதவீதம்தான், அதுவும் உள்ளே இருந்த திரவ எலக்ட்ரோலைட் (அயனிகள் வழியாக மின்னோட்டம் கடத்தும் திரவம்) பெரோவ்ஸ்கைட்டையே கரைத்துவிடும். 2012இல் கொரியாவில் நாம்-கியூ பார்க் குழுவும் ஆக்ஸ்ஃபோர்டில் ஹென்றி ஸ்நெய்த் குழுவும் திரவத்தை எடுத்துவிட்டுத் திட அடுக்கு வைத்த பிறகுதான் உலகமே திரும்பிப் பார்த்தது. இன்றைக்கும் பெரிய தலைவலி ஆயுள்தான்: ஈரம், வெப்பம், வெளிச்சம் பட்டதும் அயோடைடு அயனிகள் நகர்வது. அதில் நச்சான ஈயம் வேறு இருக்கிறது. க்ளோவ் பாக்ஸ் கிடைக்கவில்லை என்றால் அதையே தலைப்பாக்குங்கள். தங்கத்துக்குப் பதில் கார்பன் மின்முனை வைத்து, சாதாரணக் காற்றிலேயே பூசிச் செய்கிற செல்கள் இருக்கின்றன, நம் ஊர் ஈரக்காற்றில் அவை எப்படித் தாங்கும் என்று பார்ப்பது உருப்படியான வேலை.

கூரை சோலார்:
நான் தூத்துக்குடி பக்கம் பேனல் மாட்டுகிறவன், ஆராய்ச்சி எனக்குத் தெரியாது. வாடிக்கையாளர் முதலில் கேட்பது 25 வருட வாரண்டி. சித்திரை வெயிலில் மதியம் பேனலைத் தொட முடியாது, கடற்கரை என்றால் உப்புக்காற்று வேறு. 85 டிகிரி சூடு, 85 சதவீத ஈரப்பதம், 1000 மணி நேரம் என்று பேனல்களுக்கு ஒரு சோதனை உண்டு தம்பி. உங்கள் செல் அதைத் தாண்டட்டும், நானே மாட்டுகிறேன்.

சிலிக்கான் பிரியன்:
கூடவே பொறுமையும் வேண்டும். இன்றைக்குக் கூரைகளில் நிறைய இருக்கும் பெர்க் வகை சிலிக்கான் செல், சிட்னியில் நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகத்தில் மார்ட்டின் கிரீன் குழு செய்தது. 1989லேயே 22.8 சதவீதம் காட்டிவிட்டார்கள், தொழிற்சாலைகள் அதைப் பெரிய அளவில் எடுத்துக்கொண்டது 2010க்கு அப்புறம்தான். சிலிக்கானைப் போட்டியாக நினைக்காதீர்கள். தனியாக அதன் உச்சவரம்பே சுமார் 29.4 சதவீதம், மேலே பெரோவ்ஸ்கைட் அடுக்கு வைத்த டாண்டம் செல் 2023இல் 33.9 வரை போனது.

நெல்லை மாணவன்:
ரொம்ப நன்றி அண்ணா, நன்றி சார். அப்படியென்றால் காற்றிலேயே பூசும் முறையைத்தான் கைடிடம் சொல்லப் போகிறேன். லேபில் ஈரப்பதம் காலைக்கும் மதியத்துக்கும் மாறிக்கொண்டே இருக்கும், ஒவ்வொரு செல்லுக்கும் அதைக் குறித்துவைத்தால் போதுமா, இல்லை ஒரே அளவில் நிறுத்த ஏதாவது சின்னப் பெட்டி செய்துகொள்ள வேண்டுமா?