டயலாக்கின் தோற்றத்தை மாற்றப்போய் நீங்கள் பட்டது என்ன? (அனுபவப் பகிர்வு)

வணக்கம் நண்பர்களே. முதலில் என் கதையைச் சொல்லிவிடுகிறேன். பிறகு உங்களுடையதை எழுதுங்கள்.

மகளிர் சுயஉதவிக் குழுக்கள் வரவு செலவு எழுதிவைக்க ஓர் ஆண்ட்ராய்டு செயலி செய்துகொடுத்தோம். "இந்தப் பதிவை நீக்கவா?" என்று கேட்கும் டயலாக் (திரையின் மேல் எழும் சிறு கேள்விப் பெட்டி) ஆரம்பத்தில் ஆண்ட்ராய்டு தரும் சாதாரண உருவத்தில்தான் இருந்தது. பார்க்க மொட்டையாக இருக்கிறது என்று எங்களுக்கே தோன்றியதால், வளைந்த மூலைகள், மேலே ஒரு சிறு படம், கீழே அகலமாக இரண்டு பட்டன்கள் என்று புதிதாக வரைந்து தனி லேஅவுட் (எது எங்கே எந்த அளவில் வரும் என்ற அமைப்பு) எழுதினேன்.

ஓட்டிப் பார்த்ததும் நான்கு மூலையிலும் வெள்ளை முக்கோணங்கள் நீட்டிக்கொண்டிருந்தன. டயலாக் என்பது தனி விண்டோ, அதற்கென்று ஒரு பின்னணி உண்டு. நாம் வளைத்தது உள்ளே இருப்பதை மட்டும்தான். விண்டோவின் பின்னணியை ஒளிபுகும் நிறமாக்கினால் வெள்ளை போய்விடும். ஆனால் அந்தப் பழைய பின்னணிதான் ஓரங்களில் இடைவெளியும் விட்டுக்கொண்டிருந்தது என்பது அதை எடுத்த பிறகே தெரிந்தது. டயலாக் திரையின் விளிம்பில் போய் ஒட்டிக்கொண்டது. அகலத்தை லேஅவுட் இருக்கும் எக்ஸ்எம்எல் கோப்பில் என்ன எழுதியும் பலனில்லை. லேஅவுட்டை இன்ஃப்ளேட் செய்யும்போது (அந்தக் கோப்பைத் திரைப் பகுதிகளாக மாற்றும்போது) அதைத் தாங்கும் பெற்றோர் வியூ எதையும் கொடுக்காததால் வெளிச்சட்டத்துக்கு நான் எழுதிய அளவு கணக்கிலேயே வரவில்லை. கடைசியில் டயலாக்கைத் திரையில் காட்டும் ஷோ() அழைத்த பிறகு விண்டோவுக்கே அகலம் கொடுத்தேன்.

இதெல்லாம் ஒரு நாள் வேலை. உண்மையான தவறு வேறு இடத்தில் நடந்தது. படத்தில் இருந்தபடியே இருக்கட்டும் என்று உயரத்தை 320 டிபி (ஆண்ட்ராய்டின் திரை அளவு அலகு) என்று கட்டிப்போட்டேன். வெளியே தொட்டால் மூடக்கூடாது என்றும் வைத்தேன். பட்டன்கள் ஒன்றன்கீழ் ஒன்று: மேலே "நீக்கு", கீழே "வேண்டாம்". குழுவில் கணக்கெழுதும் அக்கா ஒருவர் கண் சிரமத்துக்காகப் போனில் எழுத்தளவை மிகப் பெரியதாக வைத்திருந்தார். செய்தி பெரிதானதும் "வேண்டாம்" சட்டத்துக்குக் கீழே போய் மறைந்துவிட்டது. போன் செய்தார். "தம்பி, வெளிய வர வழியே தெரியல. 'நீக்கு' மட்டும்தான் இருந்துச்சு, அதையே அழுத்திட்டேன்" என்றார். மூன்று மாதத் தவணைப் பதிவுகள் போயிருந்தன. நல்லவேளையாக நோட்டிலும் எழுதி வைத்திருந்தார். இரண்டு மாலை அவருடன் உட்கார்ந்து திரும்ப ஏற்றினேன்.

ஆண்ட்ராய்டு 14 முதல் எழுத்தை 200 சதவீதம் வரை பெரிதாக்கலாம். இப்போது உயரத்தை எண்ணாக எழுதுவதே இல்லை. செய்தி மட்டும் ஸ்க்ரோல் ஆகும், பட்டன்கள் அதற்கு வெளியே எப்போதும் கண்ணில் படும்.

மறுமொழி 1

அண்ணா, படிக்கவே மனசு கனத்துப்போச்சு. என்னுடையது சின்ன விஷயம். டயலாக்கின் பின்னணியை நேரடியாக வெள்ளை என்று எழுதியிருந்தேன். எழுத்து நிறத்தைச் செயலியின் பொதுத் தோற்ற அமைப்பான தீமில் இருந்து எடுத்தேன். ஆண்ட்ராய்டு 10-இல் டார்க் தீம் வந்ததும் நம் செயலியையும் அதற்கு மாற்றினோம். எழுத்து வெள்ளையாகிவிட்டது, பின்னணியும் வெள்ளை. வெற்றுப் பெட்டி ஒன்று வந்து நிற்கிறது என்று புகார் வந்தது. இரண்டையும் தீமில் இருந்தே எடுங்கள், அல்லது இரண்டையும் நீங்களே எழுதுங்கள். பாதிப் பாதி மட்டும் வேண்டாம்.

இன்னொன்று, பட்டனுக்கு நிறம் மாற்ற, பட்டனை எடுத்துத்தரும் கெட்பட்டன்() அழைப்பவர்கள் ஷோ()வுக்குப் பிறகு அழையுங்கள். முன்னால் அழைத்தால் நல், அதாவது வெறுமைதான் கிடைக்கும்.

மறுமொழி 2

நான் ஐபோன் பக்கம். எங்களுக்குச் சிக்கலே வேறு. 2014-இல் ஐஓஎஸ் 8-உடன் வந்த ஆயத்த டயலாக்கான யூஐஅலர்ட்கன்ட்ரோலரை அப்படியே பயன்படுத்த வேண்டும், உள்ளே இருக்கும் வியூ அடுக்கைத் தொடக்கூடாது என்று ஆப்பிளின் ஆவணமே தெளிவாகச் சொல்கிறது. ஆனாலும் தலைப்பின் எழுத்துருவை மாற்ற வேண்டும் என்று வாடிக்கையாளர் பிடிவாதம் பிடித்தார். இணையத்தில் கிடைக்கும் குறுக்குவழி ஒன்று உண்டு: வெளியில் சொல்லப்படாத பண்பின் பெயரைக் கொடுத்து மதிப்பைத் திணிப்பது. செய்தேன், வேலையும் செய்தது. ஆனால் அடுத்த ஐஓஎஸ் பதிப்பு வரும்போதெல்லாம் வயிற்றைக் கலக்கியது. ஒரு கட்டத்தில் அதைத் தூக்கிவிட்டுச் சொந்தமாக ஒரு வியூகன்ட்ரோலர் (திரையை நடத்தும் நிரல்பகுதி) எழுதினேன்.

அழகாகத்தான் வந்தது. பார்வையற்ற பயனர் ஒருவர் எழுதிய பிறகுதான் விட்டது என்னவென்று தெரிந்தது. டயலாக் திறந்திருக்கும்போதே, திரையை வாசித்துச் சொல்லும் வாய்ஸ்ஓவர் பின்னால் இருக்கும் பட்டியலை வாசித்துக்கொண்டே போயிருக்கிறது. அவருக்கு டயலாக் என்று ஒன்று வந்ததே தெரியவில்லை. ஆப்பிளின் டயலாக் இதைத் தானாகவே பார்த்துக்கொள்ளும். நாமே எழுதினால், பின்னால் இருப்பதை வாசிக்காதே என்று அக்சசிபிலிட்டிவியூஇஸ்மோடல் பண்பை நாம்தான் ட்ரூ ஆக்க வேண்டும். ஒரே ஒரு வரி. அந்த வரி இல்லாததால் ஒருவருக்குச் செயலி முழுவதுமே பயன்படாமல் போயிருந்தது. இன்றும் நினைத்தால் வருத்தமாக இருக்கிறது.

கேமரா அனுமதி கேட்கும் டயலாக்கை மாற்ற முடியுமா என்று பலர் கேட்பார்கள். முடியாது, அது ஐஓஎஸ்ஸுடையது. அதில் எதற்காகக் கேட்கிறோம் என்ற வாசகம் மட்டும்தான் நம்முடையது. அதைத் தமிழிலும் எழுதிவைக்கலாம். அதிலேயே நிறையச் செய்ய முடியும்.

மறுமொழி 3

ஃபிளட்டர்காரர்கள் (ஒரே நிரலில் ஆண்ட்ராய்டு, ஐபோன் இரண்டுக்கும் செயலி செய்பவர்கள்) யாரும் எழுதவில்லையே, நான் எழுதுகிறேன். 3.16 பதிப்பில் கூகிளின் வடிவமைப்பு முறையான மெட்டீரியல் 3 இயல்புநிலை ஆனது. அப்டேட் செய்த மறுநாள் எங்கள் செயலியின் டயலாக்குகள் எல்லாம் ஆள் மாறி நின்றன. 4 ஆக இருந்த மூலை வளைவு 28 ஆகியிருந்தது. வெள்ளைப் பரப்பில் மெல்லிய நிறச் சாயல் ஏறியிருந்தது. சில டயலாக்குகளில் மட்டும் நாங்கள் வளைவை நேரடியாக எழுதியிருந்தோம், அவை பழையபடியே இருந்தன. ஒரே செயலியில் இரண்டு விதம்! ஒவ்வொன்றிலும் கைவைப்பதற்குப் பதிலாக எல்லா டயலாக்குக்கும் பொதுவான டயலாக்தீமில் ஒரே இடத்தில் வளைவையும் நிறத்தையும் எழுதிவிட்டு, மற்ற இடங்களில் இருந்ததை எல்லாம் அழித்தோம்.

முதல் பதிவு எழுதிய நண்பருக்கு: ஆண்ட்ராய்டிலும் மூலை வளைக்கத் தனி லேஅவுட் தேவையில்லை. டயலாக்கைக் கட்டித்தரும் மெட்டீரியல் அலர்ட் டயலாக் பில்டரைப் பயன்படுத்தித் தீமில் வடிவத்தைச் சொன்னால் போதும், அந்த வெள்ளை முக்கோணமே வராது. ஒன்றை மட்டும் கவனியுங்கள். பழைய ஆப்காம்பாட் பில்டர் பார்ப்பது தீமில் வேறொரு பண்பை. இரண்டும் கலந்திருந்தால் பாதி டயலாக்தான் மாறும்.

மறுமொழி 4

எல்லோரும் பெட்டியைப் பற்றி எழுதிவிட்டீர்கள். நான் உள்ளே இருக்கும் எழுத்தைப் பற்றிச் சொல்கிறேன். மொழிபெயர்ப்பு வேலையில் இருப்பதால் என் கண் அங்கேதான் போகும்.

ஆங்கிலத்தில் 'ஓகே', 'கேன்சல்' என்று முடிந்துவிடும். தமிழில் "உறுதிப்படுத்து", "ரத்துசெய்" என்று வரும்போது பட்டன்கள் ஒரே வரியில் நிற்க இடம் போதாது. ஆண்ட்ராய்டின் இயல்பான டயலாக் அப்போது தானாகவே பட்டன்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக்கொள்ளும். நாமே வரைந்த லேஅவுட் அப்படிச் செய்யாது. வார்த்தை பாதியில் வெட்டுப்படும், இல்லாவிட்டால் உடைந்து அடுத்த வரிக்குப் போகும். சுருங்கச் சொல்வதற்கும் தமிழில் வழி இருக்கிறது: "சரி", "வேண்டாம்", "நீக்கு". ஆங்கில பட்டனுக்காக வைத்த எழுத்து இடைவெளியையும் தமிழில் எடுத்துவிடுங்கள், சொல் சிதறித் தெரிகிறது.

அடுத்தது உயரம். ஆண்ட்ராய்டில் தமிழுக்கு நெருக்கி அமைத்த எழுத்துரு ஒன்று, இயல்பான உயரமுள்ள எழுத்துரு ஒன்று என்று இரண்டு வகை இருந்தன. எலிகன்ட்டெக்ஸ்ட்ஹைட் என்ற பண்பு ட்ரூ என்றால் இரண்டாவது வரும். ஆண்ட்ராய்டு 15-ஐ இலக்காக வைத்துக் கட்டும் செயலிகளில் அது இப்போது இயல்பாகவே ட்ரூ. தமிழோடு மலையாளம், கன்னடம், தெலுங்கு, தாய் போன்ற எழுத்துகளுக்கும் இது பொருந்தும். படிக்க எவ்வளவோ இதம். ஆனால் வரிகள் உயரும். ஆங்கிலத்தில் மட்டும் பார்த்துவிட்டு உயரத்தைக் கட்டிப்போட்டவர்களின் டயலாக்கில் "கீ"யின் மேல் சுழியும் "மூ"வின் கீழ்வளைவும் வெட்டுப்படலாம்.

முதல் பதிவர்

கடைசி மறுமொழி எழுதிய தோழிக்கு நன்றி. எங்கள் செயலி அடுத்த மாதம்தான் ஆண்ட்ராய்டு 15-க்கு மாறுகிறது. உயரத்தைச் சரிசெய்துவிட்டோம் என்று நிம்மதியாக இருந்தேன், ஆனால் பட்டன்களின் உயரத்தை 40 டிபி என்று கட்டிவைத்தது அப்படியே கிடக்கிறது. இன்று எடுத்துவிட்டேன். "நீக்கு"வை மேலே வைத்ததும் தப்பு, கீழே இறக்கியாகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை குழுக் கூட்டம் இருக்கிறது. புதிய பதிப்பை முதலில் அந்த அக்காவின் போனில்தான் போட்டுப் பார்க்கப்போகிறேன்.