சேலம்: அரசு அடுக்குமாடி வீட்டில் கூரை பெயர்கிறது, பழுது பார்க்க வைப்பது எப்படி?

வணக்கம். சேலத்தில் குடிசை மாற்றுத் திட்டத்தில் கிடைத்த வீட்டில் அம்மாவும் நானும் இருக்கிறோம். மூன்றாவது மாடி, மேலே மொட்டைமாடி. போன ஐப்பசி மழையில் சமையலறைக் கூரையில் காரை பெயர்ந்தது. இப்போது துருப்பிடித்த கம்பி வெளியே தெரிகிறது. இரண்டு வாரம் முன்பு அடுப்படியில் நின்ற அம்மாவின் தோளில் ஒரு கட்டி விழுந்தது. நல்லவேளை, தலையில் விழவில்லை. அன்றிலிருந்து வெளி நடையில்தான் சமையல்.

வீடு ஒதுக்கிய வாரிய அலுவலகத்தில் இரண்டு முறை எழுதிக் கொடுத்தேன். திங்கட்கிழமை குறைதீர் நாளில் மனு கொடுத்து ரசீது வாங்கினேன். முதல்வரின் உதவி எண் 1100-க்கும் பேசியாயிற்று. கடைசியில் கிடைத்த பதில்: ஒதுக்கீட்டு ஆணை அப்பா பெயரில் இருக்கிறது, பெயர் மாற்றினால்தான் பழுது பார்ப்போம். அப்பா 2022-இல் தவறிவிட்டார். வாரிசுச் சான்றிதழ் கொடுத்து எட்டு மாதம் ஆகியும் பெயர் மாறவில்லை. மாதத் தவணையை மட்டும் தவறாமல் கட்டி வருகிறோம், ரசீதெல்லாம் கையில் இருக்கிறது. கூரை மொத்தக் கட்டடத்துக்கும் சொந்தம், அதைப் பெயரோடு முடிச்சுப் போடுவது நியாயமே இல்லை.

தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005-இன் கீழும் கேட்டேன். 30 நாள் கெடு தாண்டிவிட்டது, முதல் மேல்முறையீடு எழுதிக்கொண்டிருக்கிறேன்.

பெயர் மாற்றம் முடியும் முன்பே கூரையைப் பழுது பார்க்க வைத்தவர்கள், எந்த அதிகாரியிடம் என்ன எழுதிக் கொடுத்தீர்கள்?