சாணக் கேஸ் ஜெனரேட்டர் சூட்டை எடுக்க வழி சொல்லுங்க

அண்ணே, அக்கா எல்லாருக்கும் வணக்கம். நமக்கு மேலூர் பக்கம், 30 மாடு இருக்கு, பன்னீர், பால்கோவா போடுறோம். தினம் 300 கிலோ சாணி, 12 கன மீட்டர் கேஸ் வரும், அதுல 5 கேவிஏ ஜெனரேட்டர் ஓட்டி 18 யூனிட் எடுக்குறோம், கொட்டகை மேல 5 கிலோவாட் சோலாரும் கெடக்கு.

வயித்தெரிச்சல் என்னன்னா கேஸ்ல உள்ள சக்தியில கால்வாசிதான் கரண்ட்டா வருது, மிச்சம்லாம் ரேடியேட்டர் சூடாவும் புகையாவும் போகுது, பத்தடி தள்ளி நாங்க கேன் கழுவ விறகு வச்சு வெந்நி போட்டுக்கிட்டு இருக்கோம்! மார்கழில டைஜெஸ்டர் (சாணி புளிச்சு கேஸ் வர்ற தொட்டி) குளுந்து கேஸ் வேற குறையுது, அதுக்கு 35 டிகிரியாச்சும் இருந்தாத்தான் சரி.

ரேடியேட்டர் தண்ணிய ஹீட் எக்ஸ்சேஞ்சர்ல (ஒரு தண்ணி சூட்டை, கலக்காம இன்னொரு தண்ணிக்கு மாத்துற சாமான்) விட்டு வெந்நி எடுத்தவங்க யாராச்சும் இருக்கீங்களா? தகடு மாடல் நல்லதா, குழாய் மாடலா? புகைக்குழாய்ல கைவைக்க பயமா இருக்கு, சாணக் கேஸ்ல கந்தகம் உண்டு, புகை ரொம்ப குளுந்தா ஆசிட் தண்ணி வடிஞ்சு அரிச்சுரும், பழைய சைலன்சர் விரல் போற அளவுக்கு ஓட்டையாப் போச்சு.

இன்னொன்னு, ஈபி போனா சோலார் இன்வெர்ட்டரும் நின்னுருது. ஜெனரேட்டரோட சேத்து ஓட்டலாம்னா, லோடு கம்மியானா சோலார் கரண்ட்டு ஜெனரேட்டர்க்குள்ள திரும்பிரும்னு எலக்ட்ரீசியன் மிரட்டுறாரு. வித்தவரு அன்னைக்கு "எல்லாம் ஆட்டோமேட்டிக் சார்"னாரு, இன்னைக்கு போனே எடுக்கல. சோலார தானா குறைக்கிற கண்ட்ரோலர் இந்தச் சின்ன செட்டுக்குக் கட்டுப்படியாகுமா, இல்ல பகல்ல சோலார், ராத்திரி கேஸ்னு பிரிச்சு ஓட்டிறவா?

மதுரைக்குள்ள வேலை தெரிஞ்ச ஆளு இருந்தாலும் சொல்லுங்க, வந்தா பால்கோவா உண்டு 😄